வருகைப் பதிவேட்டில் நான் எழுதியது



பதிவு கொஞ்சம் நீளம். வழக்கம்போல ஒரு டம்ளர் காபியை வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள். இது பழைய பள்ளிக்கூட நாட்களைப் பற்றிய கலகலப்பான பதிவு இல்லை. முப்பது வருடமாக நான் யாரிடமும் சொல்லாத ஒன்று இதில் இருக்கிறது. உங்களில் சிலரைப் பற்றியதும்கூட.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். சிவகாசிக்கும் வெம்பக்கோட்டைக்கும் நடுவில் நான் வேலை பார்த்த பள்ளியில் 1994-95இல் ஐந்தாம் வகுப்பு படித்தவள். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். புள்ளியியல் படித்துவிட்டு இப்போது ஒரு பொது சுகாதார ஆய்வுக் குழுவில் வேலை பார்க்கிறாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைக் கையில் கொடுத்துவிட்டு, "டீச்சர், உங்ககிட்ட ஒரு பாடம் கேக்கணும்னு வந்தேன்" என்றாள்.

"நான் ரிட்டயர் ஆகி எத்தனையோ வருசம் ஆச்சு தாயி. உனக்குச் சொல்லிக்கொடுக்க எங்கிட்ட என்ன இருக்கு?"

"பதிவேடு எழுதுற பாடம் டீச்சர். அது உங்களுக்குத்தான் தெரியும்."

அவள் கேட்டது இதுதான். நம் மாவட்டத்தில் ஒரு குழந்தையைப் பற்றி அரசாங்கம் எத்தனை இடத்தில் எழுதி வைத்திருக்கிறது? விரல் விட்டு எண்ணினோம். அம்மா கர்ப்பம் என்று தெரிந்ததும் கிராம சுகாதார செவிலியர் பதிவு செய்து 12 இலக்க எண் ஒன்று தருகிறார். பிரசவம் ஆனதும் குழந்தையின் எடை எழுதப்படுகிறது. பிறப்புப் பதிவு ஒன்று. தடுப்பூசி அட்டை ஒன்று. அங்கன்வாடியில் மாதாமாதம் எடை. பள்ளியில் சேர்ந்தால் சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, இப்போது எமிஸ் எண். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் வேன் வைத்துக்கொண்டு மருத்துவக் குழு வருகிறதே, அவர்களிடம் ஒரு நோட்டு. இன்னொரு பக்கம், எந்தப் பட்டாசு ஆலை எந்த ஊரில் எந்த வருடம் உரிமம் வாங்கியது என்று வெடிபொருள் துறையிடம் இருக்கிறது. காற்றில் எவ்வளவு தூசி என்பதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கருவிகள் இருக்கின்றன. கருவி இல்லாத ஊருக்குச் செயற்கைக்கோளை வைத்து மதிப்பிடுகிறார்கள்.

"இத்தனை ஏடும் தனித்தனி பீரோவுல இருக்கு டீச்சர். ஒண்ணு இன்னொண்ணப் பாக்குறதே இல்ல. பெயர்களை மறைச்சிட்டு, ஒரே குழந்தையோட பக்கங்களை மட்டும் ஒண்ணா வச்சுப் பாத்தா, இந்தக் காத்தும் மருந்தும் பிள்ளைகளை என்ன செய்யுதுன்னு ஓரளவு தெரிஞ்சிரும். புதுசா எந்த வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம்."

நான் அறிவியலும் எடுத்தவள் என்பதால் இது எனக்குப் புதிதாகப் படவில்லை. 1854இல் லண்டனில் காலரா வந்தபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் செய்ததும் இதுதான். தென் லண்டனில் ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு இரண்டு கம்பெனிகள் தண்ணீர் கொடுத்தன. ஒரு கம்பெனி ஊர்ச் சாக்கடை கலக்கும் இடத்திலேயே தேம்ஸ் நதியில் தண்ணீர் எடுத்தது. இன்னொன்று 1852இல் மேலே நல்ல தண்ணீர் இருக்கும் இடத்துக்கு மாறிவிட்டது. ஸ்னோ இறப்புப் பதிவேட்டிலிருந்து முகவரிகளை எடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் எந்தக் கம்பெனி தண்ணீர் என்று விசாரித்துப் பக்கத்தில் எழுதினார். அழுக்குத் தண்ணீர் வீடுகளில் 10,000 வீட்டுக்கு 315 சாவு. மற்றதில் 37. இறப்பைப் பதிந்தவர் காலராவுக்கு மருந்து தேடிப் பதியவில்லை. தண்ணீர்க் கம்பெனி கட்டணம் வசூலிக்கக் கணக்கு வைத்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தபோதுதான் உண்மை வெளியே வந்தது.

இக்காலத்து உதாரணம் ஒன்றையும் அவளே சொன்னாள். கப்பலூர் டோல்கேட்டில் நாம் காத்துக் கிடக்காத நாள் உண்டா? அமெரிக்காவில் நம் பாஸ்டேக் மாதிரி ஒரு அட்டை வந்ததும் டோல்கேட்டில் வண்டிகள் நின்று புகை கக்குவது குறைந்தது. ஜேனட் கரி, ரீட் வாக்கர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் நியூஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களின் பிறப்புப் பதிவேடுகளை எடுத்து, தாயின் வீடு டோல்கேட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்தார்கள். 2 கிலோமீட்டருக்குள் இருந்த தாய்மார்களுக்கு, கொஞ்சம் தள்ளி இருந்தவர்களோடு ஒப்பிட்டால், குறைமாதப் பிரசவம் சுமார் 11 சதவீதமும் எடை குறைந்த பிரசவம் சுமார் 12 சதவீதமும் குறைந்திருந்தன. 2011இல் வெளிவந்த ஆய்வு. அந்த அட்டையைக் கண்டுபிடித்தவர்கள் குழந்தைகளை நினைத்தா கண்டுபிடித்தார்கள்?

நம் தமிழ்நாட்டிலும் இது சம்பந்தமாக நல்ல வேலை நடந்திருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவில் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் 1,285 கர்ப்பிணிகளைப் பிரசவம் வரை தொடர்ந்து பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். காற்றில் நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் பிறக்கும் குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைகிறது. இரண்டரை கிலோவுக்குக் குறைவாகப் பிறப்பது 2 சதவீதம் கூடுகிறது. 4 கிராம்தானே என்று நினைக்காதீர்கள். அது சராசரி. நல்ல எடையில் பிறக்கும் பிள்ளைக்கு அது ஒன்றுமில்லை. இரண்டரை கிலோ என்ற கோட்டின் மேல் நிற்கிற பிள்ளைக்கு அப்படி இல்லை. ஆனால் அப்படி ஒவ்வொரு தாயையும் பின்தொடர்ந்து பார்க்கப் பணமும் ஆளும் வருடங்களும் வேண்டும். இருக்கிற ஏடுகளை இணைத்தால் லட்சக்கணக்கான பிள்ளைகளைப் பார்க்கலாம் என்கிறாள் இவள்.

"நம்ம பக்கம் ஒரு பெரிய சோதனையே தானா நடந்திருக்கு டீச்சர்" என்றாள். "2018 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

மறக்குமா? 2015இல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் அவர்களுடைய அப்பாக்கள் போட்ட வழக்கு. பட்டாசுப் புகை எங்கள் நுரையீரலைக் கெடுக்கிறது என்று அந்தக் குழந்தைகள் சார்பில் கேட்டார்கள். 2018 அக்டோபர் 23இல் தீர்ப்பு. பேரியம் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்றார்கள். இங்கே ஆலைகள் பல மாதம் மூடிக் கிடந்தன. அந்தப் பொங்கலுக்கு நம் ஊர்க் கடைகளில் துணி எடுக்க ஆள் இல்லை. டெல்லிப் பிள்ளைகளின் நுரையீரலைப் பற்றிக் கோர்ட்டில் பக்கம் பக்கமாகப் பேசினார்கள். தவறில்லை, பேச வேண்டியதுதான். சரவெடி பின்னுகிற வீட்டுப் பிள்ளையின் நுரையீரலைப் பற்றிப் பேச யாரிடமும் கணக்கு இல்லை.

அந்த மூடிய மாதங்களில் கர்ப்பமாக இருந்த தாய்மார்களின் பிள்ளைகள் என்ன எடையில் பிறந்தார்கள் என்று பார்க்கலாம் என்பது அவள் யோசனை. உடனே அவளே மறுத்தாள். "ஆனா அவசரப்பட்டு எதுவும் சொல்ல முடியாது டீச்சர். மூடினப்ப மருந்துத் தூசி குறைஞ்சது. அதோட சோறும் குறைஞ்சது. எடை கூடியிருந்தாலும் குறைஞ்சிருந்தாலும் எதனாலன்னு எப்படிப் பிரிக்கிறது? அதுக்குத்தான் ரேஷன் கணக்கும் வேணும். வத்திராயிருப்பு வயக்காட்டுப் பக்கம், அருப்புக்கோட்டை தறிப் பக்கம், ராஜபாளையம் மில்லுப் பக்கம் அதே மாசத்துல பிறந்த பிள்ளைங்களையும் சேத்துப் பாக்கணும்."

வகுப்பில் கணக்குப் போட்டு முடித்ததும் விடையைத் திருப்பிச் சரிபார்க்கச் சொல்வேன் அல்லவா? அதை மறக்காமல் வைத்திருக்கிறாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை ஐந்து நிமிடம்தான் நின்றது.

அடுத்து, பழைய ஏடுகளைப் பற்றிக் கேட்டாள். பெயரை வைத்து இணைக்க முடியுமா? நான் சிரித்துவிட்டேன். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். ஒரே வகுப்பில் மூன்று மாரியம்மாள், நான்கு கருப்பசாமி. பிறப்புப் பதிவில் முத்துமாரி, பள்ளியில் முத்துமாரியம்மாள், ரேஷன் கார்டில் மாரி.

பிறந்த தேதியை வைத்து இணைக்கலாமா? இப்போது உங்களில் பலருக்கு ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மே மாதத்தில் பிறந்தநாள் கொண்டாடி எனக்கு இன்பாக்ஸில் கேக் படம் அனுப்புகிறவர்களே, அந்தத் தேதியை வைத்தது நான்தான். ஜூன் மாதம் அம்மாவோ ஆச்சியோ கையைப் பிடித்துக் கூட்டி வருவார்கள். "எப்ப பிறந்தான்?" என்று கேட்டால் "பெருமழை பெஞ்ச வருசம் டீச்சர், மாரியம்மன் பொங்கலுக்கு முந்தி" என்பார்கள். தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொல்வேன். தொட்டுவிட்டால் ஐந்து வயது. ஜூனுக்குள் ஐந்து முடிந்திருக்க வேண்டுமே, எனவே மே மாதத்தில் ஒரு தேதி. ஒரே நாளில் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஒரே தேதி இருக்க வேண்டாம் என்று 10, 12, 15 என்று மாற்றிப் போடுவேன். அந்தத் தேதிதான் இன்று உங்கள் ஆதாரில், பாஸ்போர்ட்டில் இருக்கிறது.

இதைக் கேட்டு அவளும் சிரித்தாள். பிறகு நோட்டைத் திறந்துகொண்டு கேட்டாள்.

"அப்ப வருகைப் பதிவேட்டைத்தான் நம்பணும். தீபாவளிக்கு முந்தி ஜூலையிலிருந்து அக்டோபர் வரைக்கும் ஆப்சென்ட் கூடும்ல? இருமல், இளைப்புன்னு வராத பிள்ளைங்களும் அதுல இருப்பாங்க. அந்த வருசத்துப் பதிவேடெல்லாம் ஒழுங்கா எழுதினதுதானே டீச்சர்?"

"பின்ன? ஒழுங்காத்தான் எழுதுவோம்" என்றேன்.

அவள் குறித்துக்கொண்டாள். காபி குடித்தாள். கிளம்பினாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனி நான் சொல்வதைக் கேளுங்கள். 1991 முதல் 1996 வரை என் வகுப்பு வருகைப் பதிவேடு ஒழுங்காக எழுதியது இல்லை. காலையில் ஒரு கோடு, மதியம் ஒரு கோடு, இரண்டும் சேர்ந்தால் பெருக்கல் குறி. பள்ளிக்கு வராத பல பிள்ளைகளுக்கு நான் அந்தப் பெருக்கல் குறியைப் போட்டேன்.

அந்த நாட்கள் உங்களுக்கே தெரியும். இருட்டு விலகும் முன்னால் ஆபீஸ் பஸ் வரும். வெளியூர் உறவுகளுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பஸ்ஸில் ஏற்றிவிடுகிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். முன்பணம் வாங்கிய வீடுகள். கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சின்ன விரல்தான் வேகமாக ஓடும் என்பார்கள். 1986இலேயே குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. சட்டம் டெல்லியில் இருந்தது, பஸ் எங்கள் ஊர் முக்கில் நின்றது.

நான் ஏன் பொய் எழுதினேன்? இரக்கம் என்று சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன். தொடர்ந்து ஆப்சென்ட் போட்டால் பெயரை நீக்க வேண்டும், நீக்கினால் அந்தப் பிள்ளை திரும்பி வராது. இது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் ஓர் ஆசிரியர் உபரி ஆகிவிடுவார், கடைசியாகச் சேர்ந்தவள் நான். ஏ.இ.ஓ. ஆய்வுக்கு வந்தால் வருகை சதவீதம் ஏன் குறைவு என்று கேட்பார். கோடு போட்டுவிட்டால் கேள்வி இல்லை. வராதவர்கள் பெயரிலும் சத்துணவு எழுதப்பட்டது. வந்த பிள்ளைகள் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள் என்பது மட்டும்தான் எனக்கு ஆறுதல்.

1996 டிசம்பர் 10இல் எம்.சி. மேத்தா வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. ஒரு குழந்தையை வேலைக்கு வைத்தால் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், ஆறு மாதத்துக்குள் கணக்கெடுக்க வேண்டும் என்றது. அதற்குப் பிறகு அதிகாரிகள் வந்தார்கள், பஸ்ஸில் சின்னப் பிள்ளைகள் குறைந்தார்கள், நானும் திருந்தினேன். கணக்கெடுக்க வந்தவர் என் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல பிரச்சினை பெரிசா இல்ல போலிருக்கே" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

மறுநாள் காலையில் அவளுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"டீச்சர், அஞ்சாம் வகுப்புல நான் ரெண்டு மாசம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன். எனக்கும் போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன் தாயி."

"அப்ப ஏட்டுல நான் ஒரு நாள்கூட லீவு போடல."

"ஆமா."

அவள் கோபப்படவில்லை. பிறகு, அவளோடு படித்த, பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனைப் பற்றிக் கேட்டாள். கடைசி பெஞ்சில் உட்கார்வானே, கட்டையான பையன், படம் வரைவானே, அவனுக்கும் போட்டீர்களா என்றாள். அவனுக்கும்தான். தீபாவளிக்கு முந்தி ஆறேழு வாரம் அவன் வரவே இல்லை. மற்றவர்களைப் போல ஆபீசுக்குப் போகிறான் என்று நினைத்து ஒவ்வொரு நாளும் கோடு போட்டுக்கொண்டே வந்தேன்.

"அவன் ஆபீசுக்குப் போகல டீச்சர். இளைப்பு வந்து வீட்லதான் கிடந்தான். மூச்சு வாங்குற சத்தம் எங்க வீட்டுக்குக் கேக்கும். அவங்கம்மா பயர் ஆபீஸ்ல பேன்சி ரகம் பாத்தாங்க. சேலையெல்லாம் வெள்ளிப் பவுடரா வருவாங்க, அதே சேலையோட அவனைத் தூக்கி மடியில போட்டுக்குவாங்க."

அந்தப் பவுடரால்தான் அவனுக்கு இளைப்பு வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், அவளும் சொல்லவில்லை. ஒரு பிள்ளையை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. ஆனால் பத்து ஊர்களில் அப்படி எத்தனை பிள்ளைகள், எந்த மாதங்களில், எந்த வேலை பார்த்த அம்மாக்களின் பிள்ளைகள் என்று ஒருவர் பார்த்திருந்தால் ஏதாவது தெரிந்திருக்கும். அப்படிப் பார்க்க வருகிறவருக்கு நான் என்ன வைத்திருக்கிறேன்? ஒரு நாளும் தவறாமல் பள்ளிக்கு வந்த ஒரு பையனை வைத்திருக்கிறேன். ஆப்சென்ட் போட்டிருந்தால் ஏன் வரவில்லை என்று நானே அவன் வீட்டுக்குப் போயிருப்பேன். தெருவில் பத்து வீடு தள்ளித்தான். பெருக்கல் குறி போட்டதால் போகவில்லை. ஆறாம் வகுப்போடு அவன் நின்றுவிட்டான்.

அவன் இப்போது திருப்பூரில் இருக்கிறான். இந்தப் பக்கத்தில் என் பதிவுகளுக்கு விருப்பக்குறி இடுகிறவன்தான். ஐயா, உன்னிடம் தனியாகப் போனில் பேசிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நீ "அதெல்லாம் பழசு டீச்சர், விடுங்க" என்றாய். விட முடியவில்லை.

இதற்குப் பிறகு அவள் ஒரு வேலை செய்தாள். 1996க்கு முந்திய வருகையை ஒதுக்கிவிடலாம் என்றாள். பொய்யான ஏட்டை இணைத்தால் பொய்தான் பெரிதாகும், இல்லாத ஏட்டைவிட அது மோசம் என்றாள். பிறகு, "டி.சி. புத்தகம் யார் எழுதுவாங்க டீச்சர்?" என்று கேட்டாள்.

"நான்தான். என் கையெழுத்து நல்லா இருக்கும்னு எல்லா டி.சி.யையும் எங்கிட்டத்தான் கொடுப்பாங்க."

"அங்க அடையாளம் ரெண்டு எழுதணும்ல?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளங்கள் என்று ஓர் இடம் உண்டு. பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி, கையைப் புரட்டி, கழுத்தைப் பார்த்து எழுதுவேன். வலது கன்னத்தில் மச்சம். இடது முழங்காலில் தழும்பு. இடது உள்ளங்கையில் தீக்காயத் தழும்பு. வலது ஆள்காட்டி விரலில் தீக்காயத் தழும்பு. மச்சத்தை எழுதுகிற அதே கையால் அதையும் எழுதிவிட்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவேன். அதில் பொய் எழுத எனக்கு எந்தக் காரணமும் இல்லை. யாரும் கேள்வி கேட்காத இடம் அது. அதனால் அது உண்மையாக இருக்கிறது. துறையில் முறையாக அனுமதி கிடைத்தால் அந்த அடிக்கட்டைகளைப் பார்க்கலாம் என்று இருக்கிறாள்.

வெடித்தால் எண்ணுகிறார்கள். 2012 செப்டம்பர் 5 ஞாபகம் இருக்கிறதா? ஆசிரியர் தினம். காலையில் நீங்கள் எனக்குப் பேனா கொடுத்தீர்கள், மதியம் முதலிப்பட்டிப் பக்கமிருந்து புகை எழும்பியது. 30க்கும் மேற்பட்டோர் போனார்கள். அந்த எண்ணிக்கை நாடு முழுவதும் பேப்பரில் வந்தது. உள்ளங்கையில் சுட்டதையும் இரவெல்லாம் இருமியதையும் எந்தப் பேப்பர் எழுதும்?

இதையெல்லாம் என் மதினியிடம் சொன்னேன். இருபத்தைந்து வருடமாகக் குழாய் உருட்டுகிறவர். கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கணக்கெடுத்து என்ன செய்வாங்க? ஆபீஸை மூடுவாங்க. போன தடவை மூடுனப்ப யாரு வந்து அடுப்பைப் பத்த வச்சா? உங்க பேப்பர் சோறு போடுமா? பிள்ளைக்கு நோயிருக்குன்னு ஏட்டுல ஏறிட்டா நாளைக்கு அதுக்கு மாப்பிள்ளை பாக்க முடியுமா?"

இரண்டு கேள்வியும் நியாயம். மாப்பிள்ளைக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது. அந்தக் காலத்தில் பொதுத் தேர்வு விடைத்தாள் திருத்துகிற முகாமில் எனக்கு வந்தது யாருடைய பெயரும் இல்லாத தாள், டம்மி நம்பர் மட்டும்தான் இருந்தது. எந்த நம்பர் எந்தப் பிள்ளை என்பது வேறு ஒரு அறையில் பூட்டியிருந்தது. திருத்துகிறவருக்குப் பெயர் தெரியாது, பெயர் தெரிந்தவர் திருத்துவதில்லை. வெளிநாடுகளில் இந்த ஏடுகளை இணைப்பதும் அப்படித்தான். வேல்ஸ் நாட்டில் செய்கிற முறையை அவள் விளக்கினாள். பெயரைப் பார்த்து இணைத்துக் குறியீடு போடுவது ஓர் அமைப்பு, நோய் விவரத்தைப் பார்ப்பது வேறோர் அமைப்பு. நம் நாட்டிலும் 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. அதில் ஆய்வுக்குச் சில விலக்குகள் உண்டு. விலக்கு இருக்கிறது என்பதற்காக ஊருக்குச் சொல்லாமல் செய்யக்கூடாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். ஒப்புக்கொண்டாள்.

சோற்றுக் கேள்விக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் மதினியிடம் ஒன்று கேட்டேன். "மூடினப்ப நம்மகிட்ட கணக்கு இருந்துச்சா மதினி? டெல்லிக்காரங்ககிட்ட இருந்தது, கோர்ட்டு கேட்டது. எந்த அறை வேலை கெடுதல், எது இல்ல, வயித்துப்பிள்ளைக்காரிய எங்க உக்கார வைக்கக் கூடாது, வேலை முடிஞ்சதும் கைகால் கழுவி வேற சேலை மாத்திட்டு வந்தா போதுமா, போதாதா? இது தெரிஞ்சா மூடாமலே மாத்தலாம்ல? தெரியாட்டி, ஒண்ணு மொத்தமா மூடுவாங்க, இல்லாட்டி மொத்தமா கண்ணை மூடிக்குவாங்க."

மதினி பதில் சொல்லவில்லை. உருட்டிக்கொண்டிருந்த குழாயைக் கீழே வைத்துவிட்டு, "நான் எந்த ஏட்டுல இருக்கேன்?" என்று கேட்டார். வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறவர். எந்த ஆபீஸ் வருகைப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை. இதை நான் அவளுக்கு எழுதி அனுப்பினேன். "இதுதான் டீச்சர் பெரிய ஓட்டை" என்று பதில் வந்தது.

பிள்ளைகளே, இப்போது உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

என் வகுப்பில் 1991 முதல் 1996 வரை படித்தவர்கள், அந்த மாதங்களில் எங்கே இருந்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். ஆபீசிலா, உடம்பு சரியில்லாமல் வீட்டிலா, ஆடு மேய்க்கப் போனீர்களா? இங்கே கருத்துப் பகுதியில் வேண்டாம், உங்கள் பிள்ளைகளும் சம்பந்திகளும் படிப்பார்கள். இன்பாக்ஸில் எழுதுங்கள், இல்லையென்றால் வீட்டுக்கு வாருங்கள். ஆய்வுக்காக நான் இதைக் கேட்கவில்லை. உங்கள் சம்மதம் இல்லாமல் அவளிடம்கூடக் காட்ட மாட்டேன். நான் திருத்த வேண்டிய ஏடு அது.

உங்களில் ஆசிரியர்களாக, கிராம சுகாதார செவிலியர்களாக, அங்கன்வாடிப் பணியாளர்களாக இருப்பவர்களுக்கு ஒன்று. எமிஸில் ஏற்றுவதும் எடை பார்த்துப் பதிவதும் எவ்வளவு தொல்லை என்று எனக்குத் தெரியும். நேரமில்லாமல் போன மாத எடையோடு நூறு கிராம் கூட்டிப் போட்டுவிடத் தோன்றும். போடாதீர்கள். வராத பிள்ளையை வரவில்லை என்று எழுதுங்கள். எடை பார்க்காவிட்டால் பார்க்கவில்லை என்று எழுதுங்கள். முப்பது வருடம் கழித்து யாராவது அந்த இடத்தைத் தேடி வருவார்கள். அது உங்கள் மாணவியாகவே இருக்கலாம்.

பேனா கொடுத்த பிள்ளைகளுக்கு நன்றி. அதை வைத்து எல்லாவற்றையும் சரியாக எழுதவில்லை என்பதற்காக மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்
உங்கள் டீச்சர்